டாக்டரும் அதே மாத்திரையைத்தானே எழுதுகிறார்?

வந்த கேள்வியைச் சுருக்கிப் போடுகிறேன்: "காய்ச்சல், சளி, உடம்புவலி என்றால் தெருமுனை மெடிக்கலில் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். டாக்டரிடம் போனால் 300 ரூபாய் ஃபீஸ், அரை நாள் காத்திருப்பு, கடைசியில் அவரும் அதே மாத்திரையைத்தான் எழுதுகிறார். அப்பாவுக்கு 64 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், முட்டிவலிக்குக் கடையில் வாங்குகிறார். இதில் அப்படி என்ன ஆபத்து? மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்கிறார்களே, அது எங்கே நடக்கிறது?"

அப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதுதான் அவசரம். இன்று இரவே அவர் சாப்பிடும் அட்டைகளையெல்லாம் மேஜையில் எடுத்து வையுங்கள். பிரஷர் மாத்திரையின் பிராண்ட் பெயருக்குக் கீழே, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில் இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கூடவே ஹைட்ரோகுளோரோதயசைட் அல்லது குளோர்தாலிடோன் என்று இருந்தால், சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மருந்தும் அதே மாத்திரைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து வலி மாத்திரையின் அட்டை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், எட்டோரிகாக்சிப் என்று எது இருந்தாலும் சரி, மேலே சொன்ன மாத்திரைகளோடு அது நாள்கணக்கில் சேரக் கூடாது.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்ட, அந்த வடிகட்டிக்குள் ஓரளவு அழுத்தம் இருந்தாக வேண்டும். உள்ளே வரும் ரத்தக்குழாயை விரித்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலி மாத்திரை வேலை செய்வதே அந்தப் பொருளின் உற்பத்தியைத் தடுத்துத்தான். முட்டியில் அதைத் தடுத்தால் வலி குறைகிறது, சிறுநீரகத்தில் தடுத்தால் உள்ளே வரும் குழாய் சுருங்குகிறது. வெளியே போகும் குழாயைச் சற்று இறுக்கிப் பிடித்தால் சிறுநீரகம் சமாளித்துக்கொள்ளும். ஆனால் டெல்மிசார்டன் வகை அந்தக் குழாயைத் தளர்த்தி விட்டிருக்கிறது. நீர் மாத்திரையோ உடம்பில் இருக்கும் நீரையே குறைத்துவிட்டது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தம் விழுகிறது. சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும்போதோ, ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்தாலோ இன்னும் வேகமாக விழும்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. வலி மாத்திரை ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றும். பிரஷர் இறங்கவில்லையே என்று டாக்டர் மாத்திரையின் டோஸைக் கூட்டுவார். கடையில் வாங்கும் வலி மாத்திரை அவருடைய சீட்டில் இல்லாததால், அதுதான் காரணம் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

ஆகவே அப்பாவுக்கு ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் "உப்பு கூடியிருக்கு" என்பார்களே, அது கிரியாட்டினின்தான். சிறுநீரகம் பழுதானால் பெரும்பாலும் வலிக்காது, ரொம்ப நாளைக்கு வெளியே தெரியவே தெரியாது. பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், நிறுத்த வேண்டியது வலி மாத்திரையை. டாக்டரைப் பார்க்கும்வரை பாராசிட்டமாலும், மேலே தடவும் ஜெல்லும் போதும். கடையில் தந்தது பெயரில்லாத உதிரி மாத்திரை என்றால் மட்டும் கதை வேறு, அதற்குக் கீழே வருகிறேன்.

(டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டில் ஒரு பெரிய சாட்சி உண்டு: பிணந்தின்னிக் கழுகுகள். மாடுகளுக்கு இந்த ஊசியைப் போட்டார்கள், செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக விழுந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நீலகிரி மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளுக்காக இன்றும் அதே மருந்தைத்தான் கண்காணிக்கிறார்கள். கழுகின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. ஆனாலும் இதை வெறும் "வலி மாத்திரைதானே" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.)

இப்போது "அதே மாத்திரை" வாதத்துக்கு வருவோம். பாதி உண்மைதான். கால் பிசகிய 28 வயதுப் பையனுக்கு டாக்டர் மூன்று நாளைக்கு எழுதுவதும் கடைக்காரர் தருவதும் ஒரே டைக்ளோஃபெனாக்காக இருக்கும், இரண்டிலும் அவன் நன்றாகிவிடுவான். வித்தியாசம் தெரிவது அடுத்து வருகிற ஆட்களிடம்தான். வயிற்றில் புண் இருந்தவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் சாப்பிடுபவர், கர்ப்பத்தின் பிற்பாதியில் இருப்பவர், டெங்குவா என்று தெரியாத காய்ச்சலில் இருப்பவர் என எல்லோரும் அதே கவுன்ட்டரில்தான் வந்து நிற்கிறார்கள், எல்லோரும் "உடம்புவலிக்கு மாத்திரை" என்றுதான் கேட்கிறார்கள். யாருக்கு எழுதக் கூடாது என்று பார்ப்பதற்குத்தான் அந்த 300 ரூபாய். உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதிக் கொடுக்கிற டாக்டராக இருந்தால் உங்கள் கோபம் நியாயம்தான், அவருக்கும் கடைக்கும் வித்தியாசம் இல்லை.

நான் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் மருந்தைப் பற்றிப் பேசி அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. எல்லோரிடமும் கேட்கிற முதல் கேள்வி, "இது போக வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்பது. பதில் அநேகமாக எப்போதும் "இல்லை"தான். கால் வீங்கி, கிரியாட்டினின் ஏறி வந்த ஒரு பெரியவரும் அப்படித்தான் சொன்னார்.

"வேற ஒண்ணுமில்லம்மா."

"மெடிக்கல்ல வாங்கி ஏதாவது, ஐயா?"

"அது வலிக்கு. அப்பப்ப."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "தெனமும்தான் கண்ணு. தீவாளிக்கு முன்னாடியிருந்து" என்றார்.

பெரியவர் பொய் சொல்லவில்லை. டாக்டர் எழுதினால்தான் அவர் கணக்கில் மருந்து. கடையில் கேட்டு வாங்குவது பீடி, வெற்றிலை மாதிரி ஒரு சில்லறைச் செலவு. சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதக் கவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளே மூன்று உதிரி மாத்திரைகள், எதிலும் பெயர் இல்லை. ஒன்று ஸ்டீராய்டு போலத் தெரிந்தது. போல என்றுதான் சொல்ல முடியும், அட்டையிலிருந்து உதிர்த்துவிட்ட மாத்திரைக்கு முகவரி கிடையாது.

இந்தக் கவருக்குப் பெயர்தான் "செட்". காய்ச்சலுக்கு ஒரு செட், வலிக்கு ஒரு செட் என்று கேட்டால், மூன்று நான்கு அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டுத் தருவார்கள். சுயமருத்துவத்திலேயே மோசமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். டோலோவோ குரோசினோ கேட்டு வாங்குகிறவருக்குக் குறைந்தபட்சம் தான் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியும். செட் வாங்குகிறவருக்கு மருந்தின் பெயர் தெரியாது, காலாவதித் தேதி தெரியாது, நாளைக்கு உடம்பெல்லாம் தடித்துப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் "எதைச் சாப்பிட்டீர்கள்" என்ற கேள்விக்குப் பதிலும் தெரியாது.

செட் உடனே பலன் தருவதற்கு ஒரு காரணம் அதில் சில நேரம் சேர்க்கப்படும் டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள். வலி, வீக்கம், அரிப்பு, இளைப்பு எல்லாம் ஒரே நாளில் அடங்கும், பசியும் எடுக்கும். "அவர் கைராசிக்காரர், ஒரே வேளையில கேக்குது" என்று கடைக்குப் பெயர் கிடைக்கும். தேவையான நோய்க்கு, தேவையான அளவில், உயிர் காக்கும் மருந்து அது. மாதக்கணக்கில் தெரியாமல் உள்ளே போனால் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், முகம் உப்பும், எலும்பு பலவீனமாகும், உள்ளே இருக்கும் தொற்று வெளியே தெரியாமல் மறையும். இன்னொன்று நடக்கும், அதுதான் பலருக்குத் தெரியாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், அதை இயற்கையாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையை நிறுத்திக்கொள்ளும். பிறகு மாத்திரையைத் திடீரென்று விட்டால் கடும் அசதி, வாந்தி, பிரஷர் விழுந்து மயக்கம் வரை போகலாம். ஆகவே உதிரி மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள், இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தாமல், அந்தக் கவரோடு ஒரு டாக்டரைப் பாருங்கள்.

தோலில் தடவுவதற்கும் இதே கதைதான். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தடவினால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை மட்டும் உள்ளே சுகமாகப் பரவும். வட்டம் பெரிதாகும், அடையாளமே மாறிப்போகும், தோல் டாக்டரே முதல் பார்வையில் குழம்புவார். அதே க்ரீமை முகம் வெளுக்கத் தடவுகிற பிள்ளைகளும் உண்டு, தோல் மெலிந்து சிவந்து, வெயிலில் போக முடியாமல் வந்து நிற்பார்கள். 2018-ல் மத்திய அரசு இந்த க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச்-இல் சேர்த்தது. கடையில் கேட்டுப் பாருங்கள், கிடைக்கிறதா இல்லையா என்று.

சரி, எல்லோருக்கும் தெரிந்த, பாதுகாப்பான பாராசிட்டமாலுக்கு வருவோம். சரியான அளவில் சாப்பிட்டால் நல்ல மருந்து, நானும் சாப்பிடுகிறேன். அதில் மாட்டிக்கொள்வது கணக்கில்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4,000 மில்லிகிராம். குடிப்பவர்கள், ஈரல் பழுதானவர்கள், ரொம்ப மெலிந்தவர்களுக்கு இன்னும் குறைவு. காய்ச்சலுக்கு டோலோ 650 மூன்று வேளை என்றால் 1,950. மூக்கு ஒழுகுகிறது என்று சினாரெஸ்ட் மூன்று வேளை, ஒவ்வொன்றிலும் 500 வீதம் 1,500. உடம்புவலிக்கு ஜீரோடால் பி இரண்டு வேளை, அதில் 325 வீதம் 650. கூட்டினால் 4,100. மூன்று தனித்தனி மருந்து சாப்பிட்டதாக அவர் நினைப்பார், மூன்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. இதற்கு மேல் தலைவலி என்று சாரிடான் போட்டால் அதிலும் பாராசிட்டமால். அளவு மீறினால் ஈரல் கெடும். அதை முறிக்கும் மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதால் பலரும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கைக்குழந்தைக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125, இன்னொரு வகையில் 5 மில்லியில் 250. பாட்டில் சின்னதாக இருப்பதால் சொட்டு மருந்து லேசானது என்று நினைப்பவர்கள்தான் அதிகம், உண்மையில் அதுதான் அடர்த்தி அதிகம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்றால் சொட்டு மருந்தில் 1.5 மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி. போன தடவை சிரப் வாங்கியபோது சொன்ன "5 மில்லி"யை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்தத் தடவை சொட்டு மருந்தில் 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் போய்விடும், மூன்று மடங்குக்கு மேல். வீட்டு டீஸ்பூனில் அளப்பதை அடியோடு விடுங்கள், ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று கடையிலேயே கிடைக்கும்.

சளி சிரப் பற்றி ஒரே வரி: குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே போடச் சொல்லி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. பெரியவர்களிலும் குளோர்பெனிரமின் தூக்கத்தை வரவழைக்கும், வண்டி ஓட்டுபவர்களுக்கு ஆகாது. பிராஸ்டேட் வீங்கிய தாத்தாக்களுக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளும். ராத்திரி சளி மாத்திரை போட்டுவிட்டு, விடியற்காலை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எமர்ஜென்சிக்கு வருபவர்கள் எங்களுக்குப் புதிதில்லை.

ஆன்டிபயாடிக் எதிர்ப்பாற்றல் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சாதாரண சளிக் காய்ச்சலுக்குக் காரணம் வைரஸ், அஸித்ரோமைசின் அதை ஒன்றும் செய்யாது, மூன்றாம் நாள் தானாகவே குறைகிற காய்ச்சலுக்கு அந்த மாத்திரை பெயர் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. இருமல் நிற்கவில்லை என்று கடையில் லீவோஃப்ளாக்சசின் வாங்கிச் சாப்பிடுவார்கள். அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். இருமல் குறையும், திரும்ப வரும், திரும்ப வாங்குவார்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவது மாதக்கணக்கில் தள்ளிப்போகும், அதற்குள் வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவியிருக்கும், கிருமியும் அந்த மருந்துக்குப் பழகியிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் ஆன்டிபயாடிக் தேட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம்.

அப்புறம், "கேஸ்". நெஞ்சு அடைக்கிறது, வியர்க்கிறது, இடது தோள் கனக்கிறது என்றால் நம் வீடுகளில் முதலில் வருவது ஓமத் தண்ணீர், அடுத்து ஜெலுசில், அடுத்து கடையில் ஒரு பான்டோப்ரசோல். மாரடைப்பின் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இப்படித்தான் வீணாகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலி தெளிவாக இருக்காது, வெறும் வயிற்று உப்புசம், மூச்சுத் திணறல் போலவே வரும். இது சுயமருத்துவம் செய்கிற இடமே இல்லை, 108-ஐக் கூப்பிடுங்கள். ஈசிஜி எடுத்துவிட்டு, "கேஸ்தான்" என்று டாக்டர் சொன்னால் சந்தோஷமாக வீடு திரும்பலாம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. மருந்தாளுநர் ஆலோசனை சட்டத்திலேயே இருக்கிறது. மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் மேற்பார்வையில்தான் தர வேண்டும் என்பது 1945-ஆம் வருட விதி. இந்திய பார்மசி கவுன்சில் 2015-ல் கொண்டுவந்த பார்மசி நடைமுறை ஒழுங்குமுறைகள், நோயாளியிடம் மருந்தைப் பற்றிப் பேசுவதை மருந்தாளுநரின் கடமையாகவே ஆக்கின. மருந்தின் பெயர் என்ன, எதற்கு, எப்படி, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு வரலாம், ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, எங்கே வைப்பது, இவ்வளவும் சொல்ல வேண்டும். அட்டவணை எச்1 மருந்துகளுக்கு (சில ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள் போன்றவை) 2014 மார்ச்சிலிருந்து இன்னும் கடுமை. எழுதிய டாக்டர், வாங்கியவர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நீங்கள் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையும் அசிக்ளோஃபெனாக் மாத்திரையும் அட்டவணை எச் மருந்துகள்தான். அதாவது, சட்டப்படி சீட்டு வேண்டும்.

நடைமுறையில்? சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கும், சான்றிதழுக்கு உரியவர் இருக்க மாட்டார். கவுன்ட்டரில் நிற்கும் தம்பிக்கு எந்த ரேக்கில் எது இருக்கிறது என்பது அத்துப்படி, மருந்தியல் தெரியாது. மருந்தாளுநரே நின்றாலும் மாலை ஏழு மணிக்குப் பத்துப் பேர் கையை நீட்டிக்கொண்டிருக்கும்போது யாரிடம் என்ன பேசுவார்? பேசுவதற்குத் தனியாகக் கட்டணமும் இல்லை, விற்ற மாத்திரைக்குத்தான் லாபம். வாங்க வருகிறவருக்கும் பொறுமை இருக்காது, இரண்டு கேள்வி கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். என் தொழிலைச் சேர்ந்தவர்களை விட்டுக்கொடுத்துப் பேசுகிறேன் என்று சிலர் கோபிக்கலாம். ஆனால் இது ஊரறிந்த விஷயம்.

ஒழுங்காக நடந்தால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை எழுதுவார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரை எல்லாம் தினமும் என்பதால் இதையும் தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகி வருவது உலகம் முழுக்க நடக்கிற தவறு. எங்களிடம் வந்த ஓர் அம்மாவிடம் "வாரம் ஒரு நாள்" என்று சொல்லி நான் நிறுத்தவில்லை. "எந்தக் கிழமை வெச்சுக்கலாம்மா?" என்று கேட்டேன். "செவ்வாய் வெள்ளி விரதம், வியாழக்கிழமை போடு" என்றார். கவரில் பெரிதாக "வியாழன் மட்டும்" என்று எழுதினேன். ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்கு "சனி" என்று எழுதினேன். கடைசியாக, "வீட்ல மருமக கேட்டா என்னன்னு சொல்வீங்க?" என்றேன். "வியாழக்கிழமை இது, சனிக்கிழமை அது, வாயில புண்ணு வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மாத்திரைய நிறுத்திட்டு இங்க வரணும்" என்று ஒப்பித்தார். மொத்தம் நாலு நிமிஷம் இருக்கும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் எது புரியவில்லை என்று தெரியும்.

இப்படிப் பேசும்போது வெளியே வருகிற விஷயங்கள் சில நேரம் சிரிப்பாகவும் இருக்கும், பகீரென்றும் இருக்கும். ஆஸ்துமாவுக்குக் கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு "இளைப்பு குறையவே இல்லை" என்பவர்கள் உண்டு. தைராய்டு மாத்திரையைக் காலை ஃபில்டர் காபியோடு சேர்த்துப் போட்டு, டெஸ்டில் அளவு சரியாகவில்லை என்று ஒவ்வொரு முறையும் டோஸ் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு அரை மணி, ஒரு மணி கழித்துக் காபி குடித்தால் பழைய டோஸே போதுமானதாக இருந்திருக்கும். டாக்டர் சரியான மருந்து எழுதி, கடையும் சரியாகக் கொடுத்து, வீட்டில் தவறுவது இது. மி.கி. எண்ணைப் பார்த்து "பவர் கம்மி" என்று இரண்டு மாத்திரையாகப் போடுகிறவர்களும் இதில் சேர்த்தி. 50 மைக்ரோகிராமில் வேலை செய்கிற மருந்தும் உண்டு, 500 மில்லிகிராம் தேவைப்படுகிற மருந்தும் உண்டு, எண்ணை வைத்து வீரியத்தை ஒப்பிடவே முடியாது.

அதனால் கடைக்கே போகாதீர்கள் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஒவ்வொரு தும்மலுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிற்க யாராலும் முடியாது. வேறு நோய் இல்லாத பெரியவருக்கு முதல் இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ், எப்போதோ ஒரு நாள் நெஞ்சு கரிப்புக்கு ஆன்டாசிட், இதெல்லாம் தாராளமாகக் கடையில் வாங்கலாம். மூன்றாவது நாளும் காய்ச்சல் இருந்தால் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப்போவது என்று வந்தால் டெங்குவின் ஆபத்தான கட்டம் அது, காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று வீட்டில் இருக்காதீர்கள். கர்ப்பிணி, பால் கொடுப்பவர், கைக்குழந்தை, பிரஷர், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், ஈரல் என்று எதற்காவது மருந்தில் இருப்பவர், இவர்களுக்காக வாங்கும்போது அந்த விஷயத்தைக் கடையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாதாந்திர பிரஷர், சர்க்கரை மாத்திரைக்குக் காசுதான் பிரச்சினை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

கவுன்ட்டரில் நிற்கும்போது "பார்மசிஸ்ட் இருக்காரா?" என்று கேட்டுப் பழகுங்கள். இருந்தால், ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைகளின் படத்தை ஃபோனில் காட்டி, "இதோட இது சேருமா?" என்று கேளுங்கள். அவருக்குக் கூட்டத்தில் பதில் சொல்ல முடியாவிட்டால், மதியம் இரண்டு மணிக்குக் கடை காலியாக இருக்கும்போது போங்கள், நன்றாகவே பேசுவார். படித்ததைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் எங்களுக்கும் உண்டு. உதிரி மாத்திரையாகத் தந்தால் வேண்டாம் என்று சொல்லி, பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி அட்டையாகக் கேளுங்கள். பில் போடச் சொல்லுங்கள்.

மருந்து சாப்பிட்டு உடம்பு தடித்தது, முகம் வீங்கியது, மஞ்சள் காமாலை வந்தது என்றால் முதலில் ஆஸ்பத்திரி. அதன் பிறகு அதைப் பதிவும் செய்யலாம். 2010-லிருந்து இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது, கட்டணமில்லா எண் 1800-180-3024. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நோயாளியே சொல்லலாம், அதற்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. ஒவ்வாமை தந்த மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஆதார் அட்டையோடு பர்ஸில் வையுங்கள். பிராண்ட் பெயர் வேண்டாம், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். ஒரே மருந்து பத்துப் பெயரில் விற்கிறது, அடுத்த முறை வேறு பெயரில் வந்து நிற்கும்.